படகில் ஐந்தாவது இருக்கை

ரச்சனி தன் அக்காவைப் படகுச் சவாரிக்குக் கூப்பிட்டிருக்கிறாள் என்று கேட்டபோது எங்கள் தேவெட் சந்தையில் யாரும் நம்பவில்லை. பழ வண்டிக்காரி மட்டும், "கெழக்குப் பக்கம்தான் சூரியன் உதிச்சுதா இன்னிக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

அக்கா பெயர் லம்துவான். நாங்கள் துவான் என்போம். சந்தையின் ஆற்றோர முனையில் கானாங்கெளுத்தி மீனை ஆவியில் வேகவைத்தும் பொரித்தும் விற்கிறாள். பக்கத்துக் கடை என்னுடையது. மிளகாய் விழுது அரைத்து விற்கிறேன். அவள் மீனை வாங்குகிறவர்கள் என் விழுதை வாங்காமல் போக முடியாது. இரண்டும் சேர்ந்தால்தான் சோறு இறங்கும். அதனால் எங்கள் இருவருக்கும் ஒரே பிழைப்பு என்றே சொல்லலாம்.

எங்கள் கடைகளுக்குப் பின்னால் ஆறு. மாலை வந்தால் போதும், சுற்றுலாப் படகுகள் வரிசையாகப் போகும். அரிசி ஏற்றிக்கொண்டிருந்த பழைய தேக்குப் படகுகளுக்கு மெருகு போட்டு, கூரை வேய்ந்து, மேசை போட்டு, வெள்ளைக்காரர்களையும் பணக்காரர்களையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். துவான் மீனைத் திருப்பிப் போட்டபடியே பார்ப்பாள்.

"அவங்க நம்மளப் படம் புடிக்கறாங்க பாரு புவா. ஒரு தடவ அதுல உக்காந்து நம்ம கரைய நானும் பாக்கணும். அங்கேர்ந்து பாத்தா எப்பிடி இருக்கும்னு தெரியல."

"அங்கேர்ந்து பாத்தா நம்ம நாத்தம் தெரியாது. அவ்வளவுதான்" என்பேன்.

இந்த ஆசையைத் தங்கையிடமும் எப்போதோ சொல்லியிருக்கிறாள். ஆகவே போன் வந்ததும், ரச்சனி அதை நினைவில் வைத்திருந்து கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்கா தங்கை கதையைச் சொல்லிவிட வேண்டும். இவர்களின் அப்பா மணல் படகில் வேலை செய்தவர். ரச்சனிக்கு வாய்த்தவன் குழந்தை பிறந்த கையோடு காணாமல் போனான். குழந்தை சிரினை அக்கா மடியில் போட்டுவிட்டு அவள் ஜப்பானுக்கு ஓட்டல் வேலைக்குப் போனாள். திரும்பி வரும்போது சிரினுக்குப் பத்து வயது. அதுவரை அந்தப் பிள்ளை எங்கள் கடைகளுக்கு நடுவில்தான் வளர்ந்தது. மீன் கூடைமேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். துவானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஒருத்தர் கேட்டு வந்தார்; 'பிள்ளையோட வர்றதுன்னா வேண்டாம்' என்றார்; இவளும் வேண்டாம் என்றுவிட்டாள்.

ரச்சனி கையில் காசோடு வந்தாள். அழகு நிலையம் வைத்தாள், ஒன்று மூன்றாயிற்று. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நகரின் மறுகோடிக்குப் போனாள். சிரின் நன்றாகப் படித்து வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். பெரியம்மாவைப் பார்க்க வந்துகொண்டுதான் இருந்தாள். வந்தால் காலில் விழாத குறையாகக் கைகூப்பிவிட்டு, நேராக மீன் தட்டில் கை வைப்பாள். துவானும் வாரம் ஒருமுறை டப்பாவில் மீனும் சோறும் கட்டி, வாடகை பைக் ஓட்டுகிறவனிடம் கொடுத்து அவள் அலுவலகத்துக்கு அனுப்புவாள்.

இப்போது சிரினுக்குக் கல்யாணம் கூடியிருந்தது. மாப்பிள்ளை தனவத், அதே வங்கிக்காரன். அவன் அப்பா நீதிபதியாக இருந்து காலமானவர். அம்மா அபிரதி பழைய குடும்பத்துப் பெண்மணி. இரண்டு வீட்டாரும் சனிக்கிழமை மாலை படகில் தேநீர் சாப்பிட்டபடி பேசிக்கொள்வதாக ஏற்பாடு. துவானும் வர வேண்டும் என்று அந்த அம்மாளே கேட்டாராம்.

"என்னயப் பாக்கணும்னு அவங்களே கேட்டாங்களாம்டி!" என்று துவான் என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அன்றே போய் ஊதாப் பட்டில் ஒரு சட்டை எடுத்தாள்.

சனிக்கிழமை மதியம் ரச்சனியின் கார் ஓட்டுநர் ஒரு பையோடு வந்தான். பையில் கருநீலத்தில் ஒரு பருத்திச் சட்டை, கறுப்புப் பாவாடை. உடனே போனும் வந்தது.

"அக்கா, அந்தப் பட்டு வேணாம். இதப் போட்டுக்க. ஆத்துல காத்து அடிக்கும், இதுதான் வசதி. அப்புறம் அங்க ரொம்பப் பேசாத. அவங்க பெரிய இடம். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"சரிடி. கல்யாணப் பேச்சுல நான் என்ன உளறப் போறேன்?"

மீன் வாடை போக எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான்தான் கொண்டை போட்டுவிட்டேன். இனி நான் சொல்வது அவள் பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக என்னிடம் சொன்னது.

தெற்கே சாத்தோன் துறையில் படகு நின்றிருந்தது. ரச்சனியும் சிரினும் முன்னாலேயே வந்திருந்தார்கள். எப்போதும் அக்காவைக் கண்டதும் கைகூப்பும் ரச்சனி, அன்று கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். சிரின் மட்டும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியம்மா, வந்துட்டீங்களா" என்றாள். பிடித்த கை சில்லென்று இருந்ததாம்.

அபிரதி அம்மாள் மகனோடு வந்து இறங்கினார். மெலிந்த உடம்பு, மெல்லிய குரல், கண்ணில் கனிவு. துவானைவிட வயதில் இளையவர். வயதில் சிறியவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம்; அதற்காகத் துவான் ஒரு நொடி நின்றாள். அவர் கூப்பவில்லை. சிரித்தபடி துவானையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துவான்தான் கூப்பினாள். அவர் தலையசைத்து ஏற்றுக்கொண்டார்.

"இவங்கதானே சிரினை வளத்த ஆயா? உங்களப் பத்திக் கேட்டுக் கேட்டுப் பாக்கணும்னே இருந்தேன்."

துவான் ரச்சனியைத் திரும்பிப் பார்த்தாள். ரச்சனி ஆற்றைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்கம்மா. இவங்க இல்லன்னா நான் ஜப்பான்ல படிச்சே முடிச்சிருக்க முடியாது" என்றாள். ஜப்பானில் அவள் தட்டுக் கழுவிய கதை எங்கள் சந்தைக்கே தெரியும்.

அப்போதே துவான் துறையில் நின்றுவிட்டிருக்கலாம். ஏன் ஏறினாய் என்று நான் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். "புள்ள கையப் புடிச்சிட்டிருந்தாடி. உதறிட்டா வர்றது?" என்பாள்.

கைப்பிடிக் கம்பியை ஒட்டிய நல்ல மேசையில் நான்கு நாற்காலிகள். நான்கு பேரும் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது இருக்கை, படிக்குப் பக்கத்தில் பரிமாறுகிறவர்கள் தட்டு வைக்கும் பலகைக்கு அருகே போட்ட ஒரு முக்காலி. பரிமாறும் பெண் அதைக் காட்டி, "நீங்க இங்க உக்காருங்க பெரியம்மா, உங்களுக்கும் தேநீர் கொண்டு வர்றேன்" என்றாள். எங்கள் ஊரில் வயதான பெண்ணைக் கண்டால் எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நடத்துநரும் கூப்பிடுவான், போலீஸ்காரனும் கூப்பிடுவான். சிரினும் தன் பங்குக்கு எப்போதும்போல் பெரியம்மா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தச் சொல்லே அவளை மறைத்துக் காப்பாற்றியது.

படகு கிளம்பியது. வழிகாட்டிப் பெண் ஒலிபெருக்கியில் பேசத் தொடங்கினாள். சங்குப்பூ சர்பத் வந்தது, முட்டை இழை இனிப்பு வந்தது, ஜவ்வரிசி உருண்டை வந்தது. அருண் கோயில் கோபுரம் நெருங்கியதும் எல்லோரும் எழுந்து கோபுரத்துக்கு முதுகைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தனவத் தன் போனைத் துவானிடம் நீட்டினான். "பெரியம்மா, எங்க நாலு பேரையும் ஒரு படம் எடுத்துக் குடுங்களேன்." கெட்ட பையன் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று பொறுமையாகவே சொல்லிக் கொடுத்தான். துவான் எடுத்தாள். திரையில் நாலு பேரும் சிரித்தார்கள்.

அபிரதி அம்மாள் தன் தட்டிலிருந்த இனிப்பில் பாதியைத் தன் கையாலேயே எடுத்து முக்காலிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்தில் நின்று பேசினார்.

"எங்க வீட்டு ஆயாவும் கடைசி வரைக்கும் எங்ககூடத்தான் இருந்தா. பெத்த அம்மாவைவிட அவகிட்டதான் எனக்கு ஒட்டுதல். உங்களப் பாத்தா அவ ஞாபகம் வருது. பசங்க எத்தன பேர் உங்களுக்கு?"

"இல்லம்மா. எனக்கு யாரும் இல்ல" என்றாள் துவான்.

"இல்லன்னு சொல்லாதீங்க. சிரின் இருக்காளே."

அந்த அம்மாள் மோசமானவராக இருந்திருந்தால் நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பேன். இவர்மேல் கோபப்படவும் வழியில்லை. எல்லா நல்ல வார்த்தையும் தவறான ஆளிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

படகு மெதுவாக வடக்கே ஏறியது. ஆகாயத்தாமரைக் கொத்துகள் எதிரே மிதந்து வந்தன. தேவெட் கோயில் துறைக்கு எதிரே படகுகள் சற்று நேரம் நிற்கும். அங்கே கோயில் மீன்களை யாரும் பிடிக்க மாட்டார்கள் என்பதால் கெளுத்திகள் தடிதடியாக மிதக்கும். பயணிகள் ரொட்டி போடுவார்கள். அது ஆற்றுச் சுற்றுலாவில் சேர்ந்தது.

நான் அன்று மதியத்திலிருந்தே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துவான் வருகிற படகு எது என்று தெரியாமல் வந்த படகையெல்லாம் பார்த்தேன். கம்பியோரம் ரச்சனி நிற்பதைப் பார்த்ததும் துறைப்பலகைக்கு ஓடினேன். பக்கவாட்டில் துவானும் தெரிந்தாள். ஊதாப் பட்டைப் போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்ததோடு சரி, வேறொன்றும் தோன்றவில்லை. சந்தைக் குரல் எனக்கு. ஆற்றின் அக்கரைக்கும் கேட்கும்.

"ஏடி துவான்! கடைசியில தங்கச்சி உன்னையும் ஏத்திட்டாளா! ஏ ரச்சனி, அக்காவுக்கு நல்லாத் திங்க வாங்கிக் குடு! கஞ்சத்தனம் பண்ணாத!"

பழ வண்டிக்காரியும் ஐஸ்காரனும் சேர்ந்து கைதட்டினார்கள். நான் கையை ஆட்டினேன். படகில் யாரும் கையை ஆட்டவில்லை. துவான் மட்டும் கையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, உடனே கீழே விட்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அங்கே மேசையில் அபிரதி அம்மாள் புருவத்தை உயர்த்தினார். "யாரோ உங்க பேரச் சொல்றாப்பல இருக்கே. தங்கச்சின்னு சொல்றாங்க?"

 துவான் ரச்சனியைப் பார்க்கவில்லை. சிரினைப் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவாள், இதற்குமேல் எப்படிச் சொல்லாமல் இருப்பாள் என்று பார்த்தாள். சிரின் கம்பிமேல் சாய்ந்து, ரொட்டியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து மீனுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு விழுந்ததும் அடுத்த துண்டு. தலை நிமிரவே இல்லை.

"சந்தைக்காரங்கம்மா" என்றாள் துவான். "அவங்களுக்கு எல்லாரும் அக்காதான், எல்லாரும் தங்கச்சிதான். ரச்சனி அம்மா அந்தக் காலத்துல புள்ளயப் பாக்க வரும்போது பழக்கம்."

ரச்சனி அம்மா. தன் வாயாலேயே சொன்னாள். அபிரதி அம்மாள் சிரித்தார். "வெகுளி ஜனங்க" என்று கரையைப் பார்த்துக் கைகூட அசைத்தார். அதை நான் பார்த்தேன். யார் இந்த மரியாதையான அம்மா என்று சந்தோஷமாக நானும் மறுபடி அசைத்தேன்.

ஒலிபெருக்கியில் வழிகாட்டிப் பெண் எங்கள் சந்தையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எளிய மக்கள், மாறாத வாழ்க்கை என்றெல்லாம். எப்போதிருந்தோ பார்க்க ஆசைப்பட்ட கரையைத் துவான் அப்போதுதான் பார்த்தாள். தகரக் கூரைகள், கீழே கறுத்த தண்ணீர், தன் கடை முன்னால் தொங்கும் மீன் கூடை. "எப்பிடிடி இருந்துச்சு?" என்று பிற்பாடு கேட்டேன். "சின்னதா இருந்துச்சு" என்றாள்.

படகு திரும்பித் தெற்கே இறங்கியபோது சிரின் எழுந்து படிப்பக்கம் வந்தாள். மேசையில் ரச்சனி மண்டப வாடகை பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். இயந்திரச் சத்தத்தில் இவர்கள் பேசுவது அங்கே கேட்காது.

"பெரியம்மா, கோவமா?"

"உங்கம்மாவுக்கு நான் என்னடி குறை வச்சேன்? இப்பிடி ஒரு கதை கட்டி என்னய இழுத்துட்டு வந்து நிறுத்தியிருக்கா. வரவேணாம்னு சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேனே."

சிரின் முந்தியைத் திருகுவதுபோல் கைக்குட்டையைத் திருகினாள்.

"அம்மா இல்ல பெரியம்மா."

"என்ன அம்மா இல்ல?"

"அம்மா சொல்லல. நீங்க டப்பா குடுத்து விட்டீங்கள்ல, ஒரு நாள் அதத் தெறந்தப்ப எல்லாரும் மூக்கப் பொத்துனாங்க. தனவத்தும் இருந்தான். யாரு இத அனுப்பறதுன்னு கேட்டான். எங்க பழைய ஆயான்னு... வாயில வந்துருச்சு. அப்பறம் மாத்த முடியல. அம்மாகிட்ட அப்பறம்தான் சொன்னேன். அம்மா என்னயத் திட்டுனாங்க. உங்களக் கூப்பிட வேணாம்னாங்க. அத்தைதான் பாத்தே ஆவணும்னு நின்னாங்க."

துவானுக்கு இவ்வளவு நேரம் தங்கைமேல் மூண்டிருந்த கோபத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அதுவாவது கையில் ஒரு பிடிமானமாக இருந்தது. அதுவும் போயிற்று.

"கல்யாணம் ஆனதும் நானே அவன்கிட்ட சொல்லிடுவேன். சத்தியமா" என்றாள் சிரின்.

"போய் உக்காரு. காத்துல தல கலையுது" என்றாள் துவான்.

துறை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் அபிரதி அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் அந்தப் பேச்சை எடுத்தார். முடிவு செய்துகொண்டுதான் வந்திருக்கிறார்.

"நாளைக்கு ஒரு பேரனோ பேத்தியோ பொறந்தா வெளி ஆள் கையில குடுக்க எனக்கு மனசு வராது. லம்துவான் எங்க வீட்டுக்கே வந்துரட்டும். தனி அறை தர்றேன். கடைசி வரைக்கும் நாங்க பாத்துப்போம். என்ன சொல்றீங்க?"

கேட்டது ரச்சனியிடம்.  அக்காவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. அந்த மட்டில் அவளுக்கும் கொஞ்சம் உறைத்திருக்கிறது. பதில் சொன்னது சிரின்.

"வருவாங்க அத்தை. எனக்காகக் கண்டிப்பா வருவாங்க. இல்ல பெரியம்மா?"

அவள் நடிக்கவில்லையாம். உண்மையிலேயே ஆசைப்பட்டுத்தான் கேட்டாளாம். கண்ணெல்லாம் பளபளத்ததாம். எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

"பாக்கலாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் துவான் இறங்கினாள். ரச்சனி காரில் கொண்டுவிடச் சொல்கிறேன் என்றாள். வேண்டாம் என்று நூறு ஜனங்களோடு நெருக்கியடித்துப் பயணிகள் படகில் ஏறி, நின்றபடியே தேவெட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

நான் கடையை எடுத்துவைத்துக்கொண்டிருந்தேன். "என்னடி, பணக்காரச் சம்பந்தி என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன். "வேலைக்குக் கூப்பிட்டாங்க" என்றாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பிறகு உள்ளே போய் வேறு சட்டை மாற்றிக்கொண்டு வந்து, அந்தக் கருநீலச் சட்டையால் மீன் பலகையைத் துடைத்தாள். அப்போதுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

கல்யாணத்துக்கு அழைப்பு வந்தது, போனில். பந்தியில் வீட்டு வேலைக்காரர்கள் மேசையில் இடம் போட்டிருப்பதாகவும், சிரின் அங்கேயே வந்து ஆசி வாங்கிக்கொள்வாள் என்றும் ரச்சனி சொன்னாள். துவான் போகவில்லை. அன்று அதிக மீன் எடுத்திருந்தாள். எல்லாம் விற்றது.

தனவத்திடம் சொல்லிவிடுகிறேன் என்ற சிரின் சொல்லவில்லை. டப்பா அனுப்புவதைத் துவான் நிறுத்திவிட்டாள். ஏன் அனுப்பவில்லை என்று அந்தப் பிள்ளை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. ஒருவேளை நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த மழைக்காலத்தில் குழந்தை பிறந்தது. பெண். சிரின் போன் செய்தாள். துவான் கை ஈரமாக இருந்ததால் நான்தான் போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன். ஒலியைக் கூட்டியும் வைத்தேன், சொல்வதற்கென்ன.

"பெரியம்மா, அப்பிடியே உங்க மூக்கு. எப்ப வர்றீங்க? அத்தை தெனமும் கேக்கறாங்க. அறையெல்லாம் வெள்ளையடிச்சு வச்சிருக்காங்க."

"என் மூக்குன்னு உங்க அத்தைகிட்ட சொன்னியா?"

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் சிணுங்கிற்று. துவான் அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்லத் தெரியவில்லை, என் கை வலித்தது.

"சிரின், நான் சொல்றதக் கேளு. அந்த ஆயா செத்துப்போயிட்டான்னு சொல்லிரு."

"பெரியம்மா! அப்பிடியெல்லாம் சொல்லாதீங்க!" அழுதாள். நன்றாகவே அழுதாள்.

ஆனால் போய்ச் சொல்லிவிட்டாள்.

எங்களுக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், இரண்டு நாள் கழித்துக் கோயில் காரியக்காரர் ஒரு பெரிய மின்விசிறியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் சாவுப் பிரார்த்தனை நடப்பது கோயிலில்; அங்கே இப்போது மலர் வளையம் வைப்பதைவிட இப்படி மின்விசிறி வாங்கி வைப்பதுதான் வழக்கம். பூ வாடிவிடும், விசிறி கோயிலுக்குப் பயன்படும். யாரோ பெரிய வீட்டு ஓட்டுநர் வந்து இறக்கிவிட்டுப் போனானாம். "ஏம்மா, இங்க யாரும் சாகலையே, இந்தப் பேர்ல நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க" என்று விழித்தார். கம்பத்தில் கறுப்பு நாடா கட்டி, வெள்ளை எழுத்தில், 'அன்புள்ள ஆயா லம்துவான் நினைவாக, அபிரதி குடும்பத்தார்' என்று எழுதியிருந்தது.

நான் அதை ஆற்றில் தள்ளப் போனேன். துவான் தடுத்தாள். அதற்குள் ரச்சனியின் போன் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன்.

"என்ன வேல பண்ணி வச்சிருக்க அக்கா? நாசூக்கா முடியாதுன்னு சொல்லத் தெரியாதா? அவங்க ஓட்டுநர் உன்னயப் பாத்திருந்தான்னா என்னாவுறது? கொஞ்ச நாளைக்கு அந்தக் கோயில் பக்கம், துறைப்பக்கம்லாம் நிக்காத. படகுல யாராச்சும் வருவாங்க."

"எத்தன நாளைக்கு?" என்று கேட்டாள் துவான்.

ரச்சனி யோசிப்பது கேட்டது. உண்மையாகவே கணக்குப் போடுகிறாள் போலிருந்தது. துவான் போனை வைத்துவிட்டாள்.

மின்விசிறியைக் காரியக்காரரிடமே திருப்பிக் கொடுத்தாள். "கோயிலுக்குன்னு வந்ததக் கோயில்லயே வைங்க." அவர் கை கூசியபடி எடுத்துப் போனார். சாவு மண்டபத்தில் முன்வரிசைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். நாடாவைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஐஸ்காரன் இறந்தான். பிரார்த்தனைக்கு நாங்கள் எல்லோரும் போனோம். கூட்டம், புழுக்கம். துவானுக்குக் கிடைத்த இடம் அந்த விசிறிக்கு நேர் எதிரே. நான் எழுந்து போய் நாடாவிலிருந்த எழுத்து சுவரைப் பார்க்கும்படி கம்பத்தைத் திருப்பப் பார்த்தேன்.

"விடுடி" என்றாள் அவள். "திருப்பினா காத்து இந்தப் பக்கம் வராது."